இரண்டாயிரத்துக்குள் ஒரு ஸ்பீக்கர்

"நல்ல ஹெட்போன் வீட்டுல இருக்கும்போது ஸ்பீக்கர் எதுக்கும்மா?"

தேவசகாயம் மூன்றாவது தடவையாகக் கேட்டார். அல்வாலில் ஸ்கூட்டர் கிளம்பும்போது ஒரு தடவை, பாரடைஸ் சிக்னலில் ஒரு தடவை, இப்போது கடை வாசலில்.

"வேணும்ப்பா" என்றாள் மகள் பெர்சிஸ். மூன்று தடவையும் இதே பதில்தான்.

இருபத்தாறு வயசுப் பெண். கச்சிபௌலிக்கு வேலைக்குப் போய்த் திரும்பவே வாரத்தில் ஐந்து நாள் சரியாகப் போய்விடும். சனிக்கிழமையாவது அப்பாவோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம். அவள் அம்மா போனதிலிருந்து வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அதுவும் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு. காதில் மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கிறவர்களோடு சேர்ந்து, "இங்க சுடு, அங்க ஓடு" என்று ஒரே கூச்சல்.

ஹாலிலிருந்து தேவசகாயம் பதிலுக்குச் சத்தம் போடுவார். "பெர்சிஸ், இந்த வீட்டுல ஒரு மனுஷன் இருக்கேன், ஞாபகம் இருக்கா?" ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

இத்தனை நாள் அவள் கூச்சல் மட்டும்தான். இனிமேல் குண்டுச் சத்தமும் சேர்ந்து கேட்கப் போகிறது. அதை வாங்க அவரையே துணைக்குக் கூட்டி வந்திருக்கிறாள்.

கடைக்காரருக்குத் தமிழும் கொஞ்சம் வந்தது.

"பட்ஜெட் எவ்வளவு மேடம்?"

"ரெண்டாயிரத்துக்குள்ள. கேம் ஆடத்தான்."

"அப்போ ஸ்பீக்கர் நக்கோ, வேண்டாம். இந்த விலைக்கு ஹெட்போன்தான் சரி. எதிரி எந்தப் பக்கமிருந்து வர்றான்னு காலடிச் சத்தம்கூடக் கேக்கும்."

"அது இருக்கு. எனக்கு ஸ்பீக்கர்தான் வேணும்."

தேவசகாயம் கடைக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். என் பாட்டைப் பார்த்தீர்களா என்பது போல.

கடைக்காரர் கலர் கலராய் விளக்கு எரிகிற ஒன்றை எடுத்து வைத்தார். தனியாக ஒரு பெரிய பெட்டி வேறு. போட்டதும் கண்ணாடி மேஜை அதிர்ந்தது.

"குண்டு வெடிச்சா நெஞ்சுக்குள்ள கேக்கும், பாருங்க."

"இது வேண்டாங்க. வெடிச் சத்தம் எப்படி இருந்தாலும் பரவாயில்ல. பேசுற குரல் தெளிவா இருக்கணும்."

"கேமுக்கா?"

"ஹவ், கேமுக்குத்தான்" என்றாள் பெர்சிஸ். தன் போனை இணைத்து ஏதோ தமிழ்ச் செய்தியைப் போட்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. எதுல குரல் நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

"விளையாடப் போறது நீ. என்கிட்ட எதுக்குக் கேக்கறே?"

"லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் இரைச்சல்ல பாதி போன காது உங்களுது. உங்களுக்கே கேட்டா யாருக்கும் கேக்கும்."

வேண்டா வெறுப்பாகக் கண்ணை மூடினார். நாலாவது ஜோடி சின்னதாக, கறுப்பாக, விளக்கு எதுவும் இல்லாமல் இருந்தது.

"இதுல செய்தி வாசிக்கிறவன் மூச்சு விடுறதுகூடக் கேக்குது" என்றார்.

"அப்போ இதுதான்."

நூறு ரூபாய் குறைக்கச் சொன்னதும் அவர்தான்.

பெர்சிஸ் ஸ்கூட்டரை எடுத்து வரப் போனாள். ஸ்பீக்கர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேவசகாயம் போனை எடுத்தார். வெஸ்லி என்ற பெயர் வரை போய் விரல் நின்றது. அந்த இடத்தில் அது தினமும் நிற்கும்.

மூத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்த தெலுங்குப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், "இனிமே உன் குரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். சின்ன வயசிலிருந்து எதையும் ஒரு தடவையில் கேட்காத பையன், இதை மட்டும் கேட்டுவிட்டான். இப்போது புனேயில் இருக்கிறானாம்.

அவனே பேசட்டும் என்று ஒரு மனசு. நீதானே வாயை அடைத்தாய் என்று இன்னொரு மனசு.

ஸ்கூட்டர் வந்து நின்றது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"யாருக்குப்பா போன்?"

"யாருக்குமில்ல. மணி பார்த்தேன்."

கையில் வாட்ச் கட்டியிருந்தார். பெர்சிஸ் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டில் ஆறு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. இன்று கதவைக்கூடச் சாத்தவில்லை. துப்பாக்கிச் சத்தம் ஹால் வரைக்கும் வந்தது. தேவசகாயம் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்து போனார்.

அறை வாசலுக்கு வந்தபோது ஸ்பீக்கரில் யாரோ ஒருவன் தெலுங்கில் சிரித்தான். இன்னொருவன் இந்தியில் ஏதோ கத்தினான்.

அப்புறம் ஒரு குரல் தமிழில் பேசியது.

"பெர்சிஸ், அவசரப்படாதே. என் பின்னாடியே வா."

தேவசகாயம் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

குரல் கொஞ்சம் கனத்திருந்தது. மற்றபடி அதேதான். கடைசி வார்த்தையைப் பாதி முழுங்குகிற அதே பழக்கம்.

பெர்சிஸ் திரும்பவில்லை. அப்பா நிற்பது தெரிந்ததோ என்னவோ, ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். திரையில் யார் யாரைச் சுட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குரல் எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டார்கள்.

பிறகு வெஸ்லி தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"அப்பாவுக்கு உடம்பு ஒண்ணுமில்லையே, பெர்சிஸ்? இன்னிக்கு இன்னும் திட்டக் காணோமே. அதைக் கேக்கத்தானே நான் வாரா வாரம் விளையாடவே வர்றேன்."