எந்தப் போனில் அடித்தாலும்

“போனை இப்புடிக் குடுங்க மாமா” என்று வளர்மதி கையை நீட்டினாள்.

கிணற்று மேட்டில் குந்தியிருந்த சாமிதுரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கையில் போன் இருந்தது. அதன் மேலேயே கிடந்த கட்டைவிரலை விட்டு வளர்மதி கண்ணை எடுக்கவில்லை.

“எதுக்கு?”

“அவரு கெணத்துக்குள்ள எறங்கப் போறாருங்க. மோட்டார் ஒயர் ஜாயின்ட் விட்டுப் போச்சு.”

அவள் மடியில் ஏற்கெனவே இரண்டு போன்களைச் செருகியிருந்தாள். ஒன்று அவளுடையது, மற்றது அவள் கணவன் குருநாதனுடையது. மோட்டார் நம்பரைப் பதிந்து வைத்திருக்கும் மூன்றாவது போன், குருநாதனின் அண்ணனான இந்தச் சாமிதுரையிடம்தான் இருந்தது.

கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆனால் வீட்டில் இருந்தபடியே மோட்டார் போடுவதற்கென்று ஒரு கம்பெனிப் பெட்டியைச் சாமிதுரை தன் பெயரில் வாங்கி மாட்டினார். அது அவருடைய நம்பருக்கு மட்டும்தான் கட்டுப்படும். வேறு யார் அடித்தாலும் செவிட்டுக்காது. பெட்டிக்குப் பூட்டு வேறு.

போன மாதம் மகள் பிரசவத்துக்கு என்று ஜெயங்கொண்டம் போனவர், அங்கேயே பத்து நாள் தங்கிவிட்டார். கூப்பிட்டால் எடுக்கவில்லை. இங்கே குருநாதனின் சின்ன வெங்காயம் பாத்தி பாத்தியாகக் கருகியது. கம்பெனிக்குப் பேசினால், “வாங்குனவரு நேர்ல வரணுங்க. இன்னொரு நம்பர் ஏறாதுங்க. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்” என்றார்கள். வெங்காயத்தின் பாதுகாப்புக்கு என்ன வழி என்று மட்டும் சொல்லவில்லை.

பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் இளவரசன்தான் வழி சொன்னான். கம்பெனிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பட்டன் போன் ஒன்றை ஒயரில் கோத்து ஒரு டப்பாவுக்குள் வைத்து மோட்டார் கொட்டகையில் மாட்டினான். அதன் நம்பருக்கு அடித்ததும் அந்தப் போன் தானாகவே எடுத்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். புது சிம் எதற்கு வீணாக என்று வளர்மதி தன் பழைய சிம் ஒன்றுக்கு ரீசார்ஜ் போட்டு எடுத்துக் கொடுத்தாள்; ஓயாமல் மணி அடிக்கிறதே என்று அலமாரியில் தூக்கிப் போட்டிருந்த சிம் அது.

“இதுக்குப் பூட்டே கெடையாதுங்க. எந்தப் போன்ல அடிச்சாலும் ஓடும்” என்றான் இளவரசன். குருநாதன் குளிர்ந்துபோய் அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

எந்தப் போனில் அடித்தாலும் என்றால் மாமாவின் போனில் அடித்தாலும்தான். அது வளர்மதிக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

“போனெல்லாம் எதுக்கும்மா? பீஸ்கட்டையப் புடுங்கிட்டு எறங்கச் சொல்லு. கரண்டே வராது” என்றார் சாமிதுரை.

குருநாதன் கிணற்றுப் படியில் நின்றபடி திரும்பினான். “புடுங்குனா நீ தூக்கிட்டுப் போவ. போன வருசம் என் மொறையன்னிக்கு அத வூட்ல கொண்டுபோயி ஒளிச்சு வச்சவன்தானே நீ?”

“அது ஏதோ கோவத்துலடா.”

“இப்ப மட்டும் கோவம் இல்லியா? போனக் குடுத்துட்டுச் சும்மா ஒக்காருண்ணே.”

சாமிதுரை போனைத் துண்டில் துடைத்து வளர்மதியிடம் நீட்டினார். இவ்வளவு சுலபமாகக் கொடுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு போன் வைத்திருப்பாரோ என்று அவர் இடுப்பை ஒருமுறை நோட்டம் விட்டாள்.

குருநாதன் உள்ளே இறங்கினான். ரஞ்சன்குடிக் கோட்டை மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாமிதுரை எழுந்து மெதுவாக மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

வளர்மதி ஓடிப்போய் வாசலை மறித்தாள். “எங்க போறீங்க?”

“பீஸப் புடுங்கத்தாம்மா. எனக்கு மனசு கேக்கல.”

“ஒன்னும் வேணாங்க. நீங்க இங்கயே நில்லுங்க.”

“நீயே வேணாப் புடுங்கி வச்சுக்க.”

இந்த அக்கறை இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு, “மூணு போனும் எங்கிட்டதான் இருக்கு மாமா. யாரு அடிக்கப் போறா?” என்றாள்.

“ரெண்டு ஒயரு முறுக்கிட்டேன். இன்னும் ஒன்னுதான்” என்று கிணற்றுக்குள்ளிருந்து குருநாதனின் குரல் வந்தது.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், கொட்டகைக்குள் மோட்டார் ஸ்டார்ட்டர் டக் என்றது.

வளர்மதி மடியைத் தடவினாள். மூன்று போன்களும் அப்படியேதான் இருந்தன. ஒன்றிலும் வெளிச்சம் இல்லை.

“ஏங்க” என்றாள் கிணற்றைப் பார்த்து. பதில் இல்லை. “ஏங்க” என்று மறுபடியும் கூப்பிட்டாள்.

சாமிதுரை அவளைத் தள்ளிவிட்டு, தம்பி பேரைச் சொல்லி அலறிக்கொண்டே பீஸ்கட்டையை நோக்கிப் பாய்ந்தார். அதற்குள் டப்பாவிலிருந்து ஒரு பெண் குரல் வெகு இனிமையாகக் கேட்டது.

“வணக்கம் வளர்மதி மேடம், உங்க வீட்டுக்காரருக்கு லைஃப் இன்ஷூரன்ஸ் எடுத்துட்டீங்களா?”