பார்வையாளர் கேள்வி

தொற்றில் இறந்த ஆய்வு மாணவர்களுக்கும் பல்கலைக்கழகம் இணையவழியில் வாய்மொழித் தேர்வு நடத்துகிறது. ஆய்வேட்டையும் பழைய காணொளிகளையும் வைத்து உருவாக்கிய பிம்பம் திரையில் வந்து பதில் சொல்லும். பட்டம் கிடைத்ததும் அதை அழித்துவிடுவார்கள்.

என் மனைவி பூங்கோதை எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னாள்.

"பிரமாதம்மா! பார்வையாளர்கள் யாராவது கேக்குறீங்களா?" என்றார் தேர்வாளர்.

அவள் எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒலிவாங்கியைத் திறந்தேன்.

"கோடையில எடுத்த மண் மாதிரியை ஏன் சேக்கல?"

அவள் சிரித்தாள். "இத வீட்லயே கேட்டிருக்கலாம்ல? தெரியலீங்க."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அடிப்படையே இடிக்குதேம்மா. மூணு மாசம் கழிச்சு மறுபடி வெச்சுக்கலாம்."

"அதுவரைக்கும் அழிக்க மாட்டீங்கதானே சார்?" என்றேன்.