அஞ்சு இருபது பஸ்

“பன்னிரண்டு” என்றார் ஹெஸ்லப், லீயான் பஸ்ஸில் ஏறியதும்.

லீயானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மந்தையில் ஆடு எண்ணுகிற மாதிரி தினமும் இது என்ன பழக்கம்?

ஹெஸ்லப்போடு இன்னும் இரண்டு பேர். மூவருமே அறுபதைத் தாண்டியவர்கள். காலை ஐந்து இருபதுக்கு ஹெட்டனில் பஸ் கிளம்பும்போதே முன்சீட்டைப் பிடித்துவிடுவார்கள். சண்டர்லேண்ட் ஓரத்திலிருந்த கார் சீட் ஃபேக்டரி வாசலில் எல்லோரும் இறங்குவார்கள். இவர்கள் மட்டும் இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவார்கள்.

“வேலை வெட்டி இல்லாம எதுக்குடி இந்த ஊர்வலம்?” என்று பக்கத்து சீட் ட்ரேசியிடம் கேட்டாள்.

“உனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் நம்ம ஃபேக்டரியில இருந்தவங்க. ரெண்டாயிரத்து ஒன்பதுல கதவைச் சாத்தினாங்களே, அப்போ போன வேலை. இப்ப திறந்ததும் மனு போட்டாங்க. வயசாயிடுச்சுன்னு எடுக்கலை.”

“அப்படிச் சொல்லு. வயித்தெரிச்சல். நம்மளைக் கண்ணு வைக்க வர்றாங்க.”

கண் வைக்கிற அளவுக்கு நல்ல காலம்தான் அது. டைன் வியர் வட்டாரம் முழுக்க அந்த வசந்தத்தில் ஒரே பேச்சு. அங்கே முப்பது பேரை எடுக்கிறார்களாம், இங்கே ஓவர்டைமாம். இரண்டு வருஷமாகப் பலகை அடித்துக் கிடந்த கறிக்கடைகூடத் திறந்துவிட்டது. பஸ்ஸில் தூங்கி வழிகிறவர் ஒருவரும் இல்லை. பேக்கன் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் சேதி சொன்னார்கள்.

லீயானுக்குச் சேதியெல்லாம் தேனாக இனித்தது. அவள் கணவன் டாரன் இன்னும் வீட்டில்தான் இருந்தான். வேலை போன மந்த காலத்தில் காரை விற்றாகிவிட்டது. ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக, ஃபேக்டரி திறந்த பிறகு புதிதாக விட்ட இந்த ஒரு பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

ஒரு நாள் பஸ் முழுக்க ஒரே இருமல். அடுத்த நாளே நாலு பேர் வேலைக்கு வரவில்லை. அன்று ஹெஸ்லப் தன் மனைவியையும் தெருக்காரர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மாள் நைட்டிக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்குக் குடும்பத்தோட வேடிக்கையா?” என்று லீயான் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

“நல்லாக் காத்து வருது கண்ணு” என்று அந்த அம்மாள் சிரித்தாள். பற்கள் குளிரில் தந்தியடித்தன.

மே மாதம் டாரனுக்கு ஃபோன் வந்தது. புது ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை வா என்று.

டாரன் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறையில் ஆடினான். லீயான் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் புது பூட்ஸை மூன்று தடவை துடைத்து வைத்தான்.

திங்கட்கிழமை அவர்களுடைய ஸ்டாப்பில் வழக்கமான ஆட்களோடு புதிதாக மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஃபேக்டரிக்கு முந்தின கடைசி ஸ்டாப் அதுதான்.

“பன்னிரண்டு” என்றார் ஹெஸ்லப், லீயானைப் பார்த்து. அவள் பின்னால் இரண்டு பேர் ஏறினார்கள். “பதிமூணு, பதினாலு...”

கடைசியாக டாரன் ஏறினான்.

“பதினஞ்சு.”

ஹெஸ்லப் எழுந்தே விட்டார். டாரனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். “வந்துட்டியா தம்பி, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்.” மற்ற இருவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லீயானால் பொறுக்க முடியவில்லை.

“போதும் சார். ரெண்டு வருஷம் வீட்ல முடங்கிக் கிடந்த மனுஷன், இன்னிக்குத்தான் முதல் நாள். இவரையும் கேலி பண்ணணுமா? உங்களை எடுக்கலைன்னா மேனேஜர்கிட்ட போய்ச் சண்டை போடுங்க. எங்க தலையை எண்ணாதீங்க.”

டாரன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

ஹெஸ்லப் அவன் கையை மெல்ல விட்டார்.

“தப்புதான் கண்ணு. இனிமே எண்ண மாட்டேன்.”

மறுநாள் காலை முன்சீட்டில் யாரும் இல்லை.

“பார்த்தீங்களா பாரி?” என்றாள் லீயான், டிரைவரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டே. “ஒரு சத்தம் போட்டேன். மூணு பேரும் ஓடியே போயிட்டாங்க.”

பாரி மீதிச் சில்லறையை அவள் கையில் வைத்தார்.

“ஓடலை. அவங்க வந்த வேலை முடிஞ்சு போச்சு.”

“என்ன வேலை?”

“இந்த பஸ் சோதனைக்கு விட்டது, லீயான். தினம் பதினஞ்சு பேராவது ஏறலைன்னா நிறுத்திடுவோம்னு எங்க பஸ் ஆபீஸ்ல ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. பெரியவங்களோட இலவச பாஸ் இந்நேரத்துக்குச் செல்லாது, ஒன்பதரைக்கு மேலதான். மூணு பேரும் தினம் சொந்தக் காசுல டிக்கெட் வாங்கித்தான் வந்தாங்க. ஆள் குறைஞ்ச அன்னிக்கு வீட்டுக்காரம்மாவையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்தாரு.”

லீயான் திரும்பிப் பார்த்தாள். டாரன் அந்த முன்சீட்டில்தான் உட்காரப் போய்க்கொண்டிருந்தான்.

பாரி கியரைப் போட்டார்.

“நேத்து உன் வீட்டுக்காரர் ஏறினப்புறம்தான், வேலைக்குப் போறவங்களே பதினஞ்சு பேர் ஆச்சு.”