சொல்லுவா

லக்‌ஷிகாவின் சப்பாத்தைப் போட்டுவிட றொஜன்தான் குனிந்தான்.

சாப்பிட வந்த எல்லோரும் வாசலில் புறப்படுகிற அவதியில் இருந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை ஜாக்கெட்டின் ஒரு கைக்குள் நுழைந்துவிட்டு மற்றக் கையைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பிரியந்தி, கிளறிற்றா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றாள். லக்‌ஷிகா பிரியந்தியின் மகள்.

கிளறிற்றா தன் கணவன் றொஜனின் கையைப் பார்த்தாள்.

அவன் சிறுமியின் காலைத் தன் முழங்காலில் வைத்து, சப்பாத்தை ஒரே தள்ளில் ஏற்றினான். பிறகு அதன் நுனியைப் பெருவிரலால் அமத்தி, விரல்களுக்கு முன்னால் இன்னும் இடம் இருக்கிறதா என்று பார்த்தான்.

பழகிய கை.

இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு அமெரிக்கா போனவன் றொஜன். ஹூஸ்டனில் ஒரு கூட்டாளியின் பெற்றோல் நிலையத்தைப் பார்த்துக்கொண்டான். இரண்டு வருடம் ஏழு வருடமாகிப்போனது. கூட்டாளி அதை விற்றபிறகு, போன மாதம்தான் லண்டனுக்கு, குட்மேய்ஸ் வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

வந்த நாளிலிருந்து அவன் செய்கிற எதைக் கேட்டாலும் ஒரே பதில். அமெரிக்காவில் இப்படித்தான்.

ரோட்டில் எதிர்ப்பட்ட முகந்தெரியாதவர்களுக்கெல்லாம் சிரித்து ஹலோ சொன்னான். குட்மேய்ஸில் அப்படிச் சிரிக்கிறவனைக் கண்டால் ஆட்கள் கைப்பையை மறுதோளுக்கு மாற்றுவார்கள். கேட்டால், அமெரிக்காவில் இப்படித்தான்.

திராட்சைப் பழத்தை நெடுக்காக வெட்டி, பாதி பாதியாகக் கோப்பையில் போட்டான். அமெரிக்காவில் இப்படித்தான்.

பின்னேரங்களில் போனை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் இருந்து கதைத்தான். அங்கே எல்லோரும் காருக்குள்தான் கதைப்பார்களாம்.

கிளறிற்றா ஒன்றையும் நம்பவில்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பெட்டியில் வந்த சட்டைகளை ஒவ்வொன்றாக மணந்து பார்த்தாள். போனில் வந்து விழுகிற பெயர்களை ஓரக்கண்ணால் வாசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

இன்று பூசை முடிந்து இவர்கள் சாப்பிட வந்தபோதும் அமெரிக்காக் கதைதான். அங்கே பக்கத்துக் கடைக்கும் ஒருவரும் நடக்கமாட்டார்கள் என்றான். எந்த நாடென்று மறந்துவிடும் என்பதுபோல வீட்டுக்கு வீடு கொடி கட்டியிருப்பார்கள் என்றான். எப்படிச் சுகம் என்று கேட்டுவிட்டு, நாங்கள் வாயைத் திறக்க முதலே போய்விடுவார்கள் என்றான். பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது.

கிளறிற்றாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றச் சப்பாத்தும் ஏறியது. லக்‌ஷிகா நிலத்தில் ஓங்கி மிதித்தாள். குதியில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் மின்னியது.

எல்லோரும் சிரித்தார்கள். றொஜன் சிரிக்கவில்லை.

“உந்தச் சப்பாத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டு அனுப்பாதை, பிரியந்தி.”

“ஏன் அங்கிள்?”

“அங்கை துவக்கோடை ஆரும் சுட வந்தால் எப்பிடி ஒளிக்கிறதெண்டு பள்ளிக்கூடத்திலையே பழக்குவினம். லைற்றை நூத்துப்போட்டு, பிள்ளையளை மேசைக்குக் கீழை இருத்துவினம். இருட்டுக்கை இது மின்னினால் காட்டிக் குடுத்திடும்.”

பஸ்தியாம்பிள்ளை ஜாக்கெட்டை விட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டார்.

“சின்னப் பிள்ளையளெல்லே,” என்றாள் பிரியந்தி. “பயப்பிடாயினமோ?”

“முதல் முறை எல்லாரும் அழுவினம். பிறகு வீட்டை வந்து பெருமையாச் சொல்லுவா, தான் மூச்சுக்கூட விடேல்லையெண்டு.”

பிரியந்தி மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்லகாலம், நாங்கள் லண்டனில் இருக்கிறோம் என்றார் பஸ்தியாம்பிள்ளை. எல்லோரும் போய்வருகிறோம் என்று சொல்லி இறங்கினார்கள்.

பல பிள்ளைகளுக்குச் சொல்லுவினம் என்று வந்திருக்கவேண்டிய இடத்தில், ஒருத்திக்குச் சொல்லுவா என்று வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

கிளறிற்றா கதவைச் சாத்தினாள்.

இந்த வீட்டில் பிள்ளை இல்லை. வைத்தியமெல்லாம் செய்து களைத்து, ஒரு கட்டத்தில் இருவருமே அந்தப் பேச்சை விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவன் ஹூஸ்டன் போனான்.

இவ்வளவு நாளும் அவள் ஒரு பெண்ணைத்தான் தேடினாள். உதட்டுச் சாயம் பூசிய, வாசனை அடிக்கிற, வளர்ந்த ஒருத்தியை. மேசைக்குக் கீழே இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிற ஒருத்தியை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

றொஜன் இன்னும் குந்தியிருந்து, வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

விட்ட கதையைத் தொடர்கிறவள்போல அவள் கேட்டாள்.

“இப்ப ஆர் அவவைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வாறது?”

“தாய்க்குப் பின்னேர ஷிப்ட். பக்கத்து வீட்டு ஆள்தான்…”

அவனுடைய கை செருப்பின்மேல் அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தவில்லை.

வெளியே பஸ்தியாம்பிள்ளை காரைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது. அது தெரு முனையில் திரும்பி இல்லாமல் போனது.

ஆர் அவள், எப்போதிலிருந்து, எங்கே கண்டாய். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் கிளறிற்றாவின் தொண்டைவரை வந்தன.

வாயில் வந்தது வேறு.

“பக்கத்து வீட்டு ஆள் எண்டால்?” அவளும் அவனுக்கு முன்னால் குந்தினாள். “ஆம்பிளையோ? நம்பி விடலாமோ?”