கட்டிலைப் பார்த்த கண்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். ஓட்டுநரின் கண் எங்கே போகிறதென்று கண்டுபிடிக்கும் கேமராவைப் பேருந்து முதலாளி, தன் ஓட்டுநர் ஆவுடையப்பனுக்கு எதிரே மாட்டினார். சாலையை விட்டுக் கண் விலகினால் வேலை போய்விடும். ஆவுடையப்பனுக்கோ இமையைக் கையால் தூக்கிவிட வேண்டிய களைப்பு. மறுவாரமே முதலாளி கூப்பிட்டார்.

“டீக்கடை வந்தா ஒம்ம கண்ணு எங்கவே போவுது? கேமரா சொல்லிட்டுல்லா!”

“அங்க ஒரு கயித்துக் கட்டில் கெடக்கு மொதலாளி. படுத்தா எப்படியிருக்கும்னு பாக்கேன்.”

“இனிமே அதுலயே படுத்துக்கிடும்.”

அவரும் அங்கேயே போய்ப் படுத்தார். பேருந்து கடக்கும்போதெல்லாம் அந்தக் கேமரா கட்டிலை ஏக்கமாகத் திரும்பிப் பார்க்கிறதாம்.

மாட்டிய அன்று, ஆயுத பூஜைக்காக ஆவுடையப்பனே அதன் கண்ணில் அப்பிய சந்தனத்தை இன்னும் யாரும் துடைக்கவில்லை.