தையல்சிட்டு செய்த கூடு

ஒரு தோப்பில் தையல்சிட்டு ஒன்று இருந்தது. இலையைத் தைத்துக் கூடு கட்டும் குலத்தில் பிறந்தும், அது ஜிகினாத்தாளையும் காய்ந்த நெற்றுகளையும் நாரில் கோத்துக் கிளையெங்கும் தொங்கவிட்டது. காற்றடித்தால் அவை மின்னும், கலகலவென்று ஒலிக்கும்.

"இது பாட்டும் இல்லை, கூடும் இல்லை. ஒன்றை உருப்படியாகச் செய்," என்றது மைனா.

"இரண்டையும் செய்கிறேன், பாரேன்," என்றது சிட்டு.

அந்த வாரமே காற்றில் புறாவின் கூடு சரிந்து முட்டைகள் உடைந்தன. "அக்கா, உங்களுக்கு நான் கட்டித் தருகிறேன்," என்றது சிட்டு. மைனா சிரித்தது. புறா சிரிக்கவில்லை.

சிட்டு ஒரு கூடு பின்னி, முட்டைக்குப் பதில் இரண்டு நாவல்பழங்களை வைத்துக் கிளையை உலுக்கியது. பழங்கள் விழுந்தன. பிரித்துப் பின்னியது. ஏழு முறை விழுந்தன. ஏழு முறையும் பிரித்தது. அலகு புண்ணாகிவிட்டது. எட்டாவது கூட்டில் பழங்கள் அசையவில்லை. பிறகு, அடிமரம்வரை ஒரு நார் இறக்கி, அதில் நெற்றுகளைக் கட்டியது.

"இது எதுக்கம்மா?" என்றது புறா.

"காற்றுக்கு ஒரு சத்தம், பாம்புக்கு ஒரு சத்தம். கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், அக்கா."

புதுக் கூட்டில் புறா மறுபடி முட்டையிட்டது. குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் மத்தியானம், காற்றே இல்லாதபோது நெற்றுகள் படபடத்தன. புறா அலறியது. மைனா தன் கூட்டத்தோடு வந்து, மரமேறிய பாம்பைக் கொத்தி விரட்டியது.

மூச்சு வாங்கியபடி மைனா சிட்டிடம் வந்தது. "எனக்கும் ஒன்று செய்து தருவாயா?"

"உன் கிளையில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும்? அதை முதலில் சொல்," என்றது சிட்டு.