காந்தம் ஒட்டாத இடம்

இரும்புக்குள் விரல் போகுமா? என் விரல் போனது. இரண்டாவது கணு வரைக்கும் போனது.

வாண்டுவின் பந்து தாத்தாவின் பழைய காருக்கு அடியில் உருண்டுவிட்டது. வாண்டு சித்தப்பாவின் மகன், நாலு வயசு. பந்தை எடுக்க மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தவள், பிடிமானத்துக்கு சேஸிஸ் சட்டத்தைப் பிடித்தேன். புதிதாகப் பூசிய கறுப்புப் பெயின்ட் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது.

உள்ளே இரும்பு இல்லை. கதவில் டொக்கு விழுந்தால் பூசுவார்களே, அந்தப் பட்டிதான் இருந்தது. பச்சையாக ஏதோ நூல் நகத்தில் மாட்டிக்கொண்டு வந்தது.

மொத்தக் காரையும் தாங்குவது அந்த இரண்டு சட்டங்கள்தான். இரண்டும் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தன. இற்றதை வெட்டிவிட்டுக் கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்ய ஏற்பாடு. செலவு சித்தப்பாவுடையது, மேற்பார்வை அப்பாவுடையது. விடிந்தால் சித்தப்பா, சித்தி, வாண்டு மூவரும் அதே காரில் மலைப்பாதை வழியாக ஊருக்குப் போகிறார்கள்.

எங்காவது இரும்பு இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்க்க, எழுந்து வீட்டுக்குள் ஓடினேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு தடவ குனிஞ்சு பாத்துக்கங்க தம்பி" என்றாள் அம்மா.

"எதுக்கு அண்ணி? அதான் அண்ணன் பாத்தாச்சே. நான் குனிஞ்சா பேன்ட்டுதான் கிழியும்."

அம்மா காதோரம் ஒரு கொசுவை அடித்தாள். "வண்டி பாக்கறவங்களுக்கு வீட்டப் பாக்க நேரமில்ல. சமையக்கட்டு ஜன்னல்ல இருந்த பச்ச வலையக் காணோம்னு ஒரு வாரமா கத்தறேன். வலையத் திங்கற எலிய இந்த வீட்லதான் பாக்கறேன்!"

"எலிக்கும் கொசு கடிச்சிருக்கும் அண்ணி" என்றார் சித்தப்பா. சித்திக்குப் புரையேறியது. அப்பா தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நான் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த வாத்துக் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் போனேன். முன்பக்கச் சட்டத்தில் வாத்து டக்கென்று ஒட்டியது. நடுவில் வைத்தேன். என் நெஞ்சில் விழுந்தது. அடுத்த சட்டத்திலும் வைத்தேன். அங்கேயும் விழுந்தது.

வெல்டர் மாமாவை நினைத்ததும் அழுகை வந்தது. நட்டும் வாஷரும் சேர்த்து எனக்கு நாய்க்குட்டி பொம்மை செய்து தந்தவர். எங்கள் வீட்டுக் கதவு, கேட், மாடிப்படிக் கம்பி எல்லாம் அவர் கைவேலை. அந்தக் கையா இப்படிச் செய்தது?

கை கழுவ வெளியே வந்த அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, வெல்டர் மாமா நம்மள ஏமாத்திட்டாருப்பா! தகடே வெக்கல. வெறும் பட்டிய அப்பி பெயின்ட் அடிச்சிருக்காரு. காந்தம் ஒட்ட மாட்டேங்குது."

அப்பாவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கத்தாத."

"மேடு பள்ளத்துல ஒடிஞ்சு விழுந்துடும்பா. வாண்டு பின்சீட்லதான உக்காருவான்? வா, சித்தப்பாகிட்ட சொல்லிடலாம்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லப்பா. மொதல்ல உன்கிட்டதான் ஓடி வந்தேன்."

"நல்ல பொண்ணு" என்று தலையைத் தடவினார். ஈரக் கை. உள்ளே வாண்டு கற்பனை ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு "பாம் பாம்" என்று கத்துவது கேட்டது.

இப்போது வீடே தூங்குகிறது. நான் மட்டும் போர்வைக்குள் விழித்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா படுத்திருக்கும் அறைக் கதவு பத்தடி தூரம்கூட இல்லை. நான் அப்பாவிடம் சொன்னது பட்டியைப் பற்றி மட்டும்தான். ஆனால் அப்பா அப்போது என் பக்கம் குனிந்து, காதோடு கேட்டார்.

"வலை வெளிய தெரியுதா?"